திரியாய்க் காடு சொல்லும் சாட்சியம்

வெப்பவலயக் காடுகளில் எந்த மரம் எங்கே நிலைபெறும் என்பதை மழை, மண், நீர்வடிவு, விதைப்பரம்பல் ஆகியனவே பெரிதும் தீர்மானிக்கின்றன. திருகோணமலைக்கு வடக்கே திரியாய் முதல் புல்மோட்டை வரை, போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பின்னர், எது காடு, எது காணி என்ற சர்ச்சை எழுந்தது. அதனைத் தீர்க்க இவ்வுண்மை பெரிதும் உதவும் என்பது எமது கருத்தாகும்.

முதற் காரணி நீர். ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தில் சிங்கராஜ வனம் இருக்கின்றது. திரியாய் அமைந்துள்ள உலர்வலயத்தில் மழை 1750 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே பெய்கின்றது. மழையின் அளவைப் போலவே வரட்சியின் நீட்சியும் முக்கியமானது. வரட்சியைத் தாங்கும் ஆற்றலே இனங்களின் பரம்பலைத் தீர்மானிக்கின்றது எனப் பனாமாக் காடுகளில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் இங்கு நிலைத்திருப்பது அவ்வாற்றலினாலேயே.

மழை ஒன்றாயினும் மண் வேறுபட்டால் மரமும் வேறுபடும். மண்ணிலுள்ள பொசுபரசின் அளவும் இனங்களின் பரம்பலோடு நெருங்கிய தொடர்புடையது எனப் பனாமாவில் 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது. சிங்கராஜவின் 25 ஹெக்டேயர் ஆய்வு நிலத்தில் மேட்டுக்கு ஓரினமும் பள்ளத்துக்கு வேறோர் இனமும் உரித்தாயிருப்பதைக் காணலாம். எமது கரையிலும் கடலேரியின் உவர்ச் சேற்றில் கண்டலும், ஆற்றோரத்தில் மருதும், மேட்டு நிலத்தில் பாலையும் வளர்கின்றன.

இவற்றோடு மனிதனின் வரலாறும் சேர்கின்றது. போரினால் மக்கள் இடம்பெயர, உழுத வயல்களும் தோட்டங்களும் பற்றைகளாயின. கைவிடப்பட்ட நிலத்தில் பறவைகளும் காற்றும் கொண்டுவரும் விதைகளே முதலில் முளைக்கும். ஆகவே முட்செடிகளும் விரைந்து வளரும் சிறுமரங்களும் முந்திக்கொள்ளும். பாலை, கருங்காலி போன்றவை முதிர்வதற்குப் பல தசாப்தங்கள் வேண்டும். பற்றைக்குள் வரம்பும் கிணறும் தென்னையும் காணப்படுமாயின், அது ஒருகாலத்தில் பயிர்செய்த நிலம் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அதேவேளை, முதிர்ந்த பாலையும் வீரையும் அடர்ந்த பழங்காட்டை எவர் பெயராலும் வெட்ட இடமளிக்கலாகாது. ஒருமுறை அழிந்தால் அது நம் வாழ்நாளில் மீளாது.

எனவே, வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டி எல்லையிடுவது போதாது. வனத் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் தமிழ், முஸ்லிம் கிராமங்களின் மூத்த விவசாயிகளோடு நிலத்தில் இறங்கி, மரங்களைப் பார்த்து எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். அப்போதுதான் காடும் காக்கப்படும், காணி இழந்தவர்க்கு நீதியும் கிட்டும்.