வாஸ்கோடகாமாவுக்கு வழிகாட்டியவர் யார்?

 

மக்தப் மதரஸாக்களின் ஆண்டு விழாக்களில் நம் பிள்ளைகள் ஆற்றும் உரைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவர் வாஸ்கோடகாமா. அவருக்கே வழிகாட்டியவர் அஹ்மத் இப்னு மாஜித் என்னும் முஸ்லிம் மாலுமி என்பதே அது. கேட்போர் ‘மாஷா அல்லாஹ்’ என மகிழ்கின்றனர். ஆனால் இச்செய்தியின் முற்பாதி அரைகுறையானது. பிற்பாதியோ வரலாற்றில் நிலைபெறாதது.

கி.பி. 1498 ஏப்ரல் மாதம் போர்த்துகீசியரின் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மலிந்தி துறைமுகத்தை அடைந்தன. அங்கு ஆட்சி புரிந்த சுல்தான் அவர்களுக்கு ஒரு வழிகாட்டியை அளித்தார். ஏப்ரல் 24 அன்று புறப்பட்ட கப்பல்கள் மே 20 அன்று கோழிக்கோட்டை அடுத்த கரையில் நங்கூரம் பாய்ச்சின. அப்பயணத்தில் உடன் சென்ற ஒருவரின் நாட்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. அதில் இப்னு மாஜித் என்ற பெயர் இல்லை. பின்னர் வரலாறு எழுதிய போர்த்துகீசியர்களான காஸ்தன்ஹேடா, பாரோஸ் ஆகிய இருவரும் அவ்வழிகாட்டியைக் குஜராத்தி என்றே குறிக்கின்றனர். நாட்குறிப்பு அவரைக் கிறித்தவர் என்கிறது. பாரோஸ் முஸ்லிம் என்கிறார். (கோழிக்கோட்டுக் கோயிலையே தேவாலயம் என்று எண்ணி வணங்கியவர்கள் அப்பயணிகள், எனவே மார்க்கத்தைப் பற்றிய அவர்களது குறிப்பைப் பெரிதாகக் கொள்வதற்கில்லை.)

அப்படியானால் இப்னு மாஜித் பெயர் எங்கிருந்து வந்தது? பல பத்தாண்டுகள் கழித்து மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் அந்நஹ்ரவாலீ என்னும் வரலாற்றாசிரியர், யமனை உஸ்மானியர் வென்றதைப் பற்றிய தம் நூலில் இதனைக் குறிப்பிடுகிறார். அதிலும் எவ்வாறு? போர்த்துகீசியர் அந்த மாலுமிக்கு மது புகட்டி, போதையில் இருந்தபோது வழியை அறிந்துகொண்டனராம்! பெருமைக்காக எழுதப்பட்ட செய்தியன்று அது; பழியாக எழுதப்பட்டது. பிரெஞ்சு ஆய்வாளர் ஃபெராண்ட் 1920களில் இதனை உலகறியச் செய்தார். நம்மவர்கள் பழியை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டனர். பிற்கால ஆய்வாளர்கள், அரபு அறிஞர் இப்ராஹீம் கூரி உட்பட, இக்கூற்றை மறுத்துவிட்டனர்.

மேலும், இதில் பெருமை கொள்ள என்ன இருக்கிறது? அதே வாஸ்கோடகாமா 1502இல் இரண்டாம் முறை வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஹஜ் பயணிகளின் கப்பலைக் கொள்ளையிட்டுத் தீக்கிரையாக்கினார். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் அதில் மாண்டனர். அன்னாருக்கு வழிகாட்டியவர் எம்மவர் என்று சிறுவர்கள் மேடையில் முழங்குவது எனக்கு என்றுமே உவப்பாக இருந்ததில்லை.

‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லுக்கு வருவோம். வழிகாட்டியுடன் வந்தபோது ஒரு மாதத்திற்குள் கடந்த அதே கடலை, திரும்பும்போது கடக்க அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. பருவக்காற்று மாறுமுன்னரே, அக்டோபர் தொடக்கத்தில் புறப்பட்டதே காரணம். எதிர்க்காற்றும் காற்றற்ற நாட்களும் வாட்ட, ஈறுகள் வீங்கும் நோய் கண்டு சுமார் 30 பேர் அக்கடலிலேயே இறந்தனர். அரபியில் ‘மவ்ஸிம்’ என்றால் பருவம். ஆங்கிலத்தில் ‘மான்சூன்’ என்பது அதன் திரிபே. எந்த மாதத்தில் எந்தக் கரையிலிருந்து பாய் விரிக்க வேண்டும் என்பதை அரபிகளும் குஜராத்திகளும் மலபாரிகளும் சோழமண்டலக் கரையினரும் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். வந்தவர் அறியாதிருந்ததை அவர் அறிந்துகொண்டார், அவ்வளவே. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இந்தியாவை அடைந்த முதல் கப்பல்கள் அவருடையவை என்பதை மட்டும் மறுப்பதற்கில்லை.

இப்னு மாஜித் அவர்களின் உண்மையான சிறப்பு வேறு. இன்றைய ராஸல் கைமாவை ஒட்டிய ஜுல்ஃபாரில் பிறந்த அவர், தந்தை, பாட்டனார் வழியே மூன்றாம் தலைமுறை மாலுமி. ஹிஜ்ரி 895 (கி.பி. 1490) வாக்கில் அவர் எழுதிய ‘கிதாபுல் ஃபவாயித்’ என்னும் நூல் சந்திரனின் 28 மன்ஸில்கள், திசைகள், விண்மீன்களின் உயரம், பருவக்காற்றுகள், செங்கடலின் ஆபத்தான பாறைகள் ஆகியவற்றை விளக்குகிறது. செங்கடலைப் பற்றித் தந்தையார் யாத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் கொண்ட பாடலில் கண்ட பிழைகளைக்கூட அவர் தம் அனுபவத்தைக் கொண்டு திருத்தினார்.

இத்தகைய நேர்மை நம் பயணிகளிடம் புதிதன்று. 1344 வாக்கில் இலங்கையிலிருந்து மஅபர் கரைக்கு, அதாவது நம் தமிழகக் கரைக்கு, கப்பல் உடைந்த நிலையில் வந்து சேர்ந்தார் இப்னு பதூதா. மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானீ அவருக்குச் சகலை முறை. இருந்தும் சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் அந்த சுல்தான் கொன்றதைத் தம் நூலில் பதிவு செய்து கடுமையாகக் கண்டிக்கிறார். உறவும் பார்க்கவில்லை, மார்க்கமும் பார்க்கவில்லை. (மதுரையில் காய்ச்சலில் விழுந்த அவர், ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியைக் கரைத்துக் குடித்துக் குணமடைந்த செய்தியும் அந்நூலில் உண்டு!)

இருளில் தரையிலும் கடலிலும் வழி காண்பதற்காக விண்மீன்கள் படைக்கப்பட்டிருப்பதை அல்-அன்ஆம் அத்தியாயத்தின் 97ஆம் வசனம் நினைவூட்டுகிறது. அதனை நடைமுறைப்படுத்த மாலுமிகள் கையாண்ட கருவி மிக எளியது. ‘கமால்’ என்பர். ஒரு சிறு பலகை, அதன் நடுவே முடிச்சுகளிட்ட ஒரு கயிறு. பலகையின் கீழ்விளிம்பு கடலின் விளிம்பையும் மேல்விளிம்பு துருவ விண்மீனையும் தொடுமாறு பிடித்து, கயிற்றைப் பற்களால் கவ்வ வேண்டும். எந்த முடிச்சு பல்லில் அகப்படுகிறதோ அதைக் கொண்டு எந்தத் துறைமுகத்தின் நேரே நிற்கிறோம் என்று அறியலாம். வடக்கே செல்லச் செல்ல அவ்விண்மீன் உயரும்.

இது அரபு நாட்டுடன் நின்றுவிட்ட கலையன்று. காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர், சோழமண்டலக் கரை மாலுமிகள் இதே பலகையையும் கயிற்றையும் கையாண்டதை 1850இல் சென்னை ஆய்விதழ் ஒன்றில் விவரித்து எழுதினார். நம் பகுதியிலிருந்து துறைமுகத்துக்கும் காசிமேட்டுக்கும் வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் வழங்கும் சொற்களிலும் அந்த உறவு தங்கியிருக்கிறது. ‘ஸ்ராங்கு’ பாரசீகத்தின் ‘ஸர்ஹங்க்’. ‘மாலுமி’ அரபியின் ‘முஅல்லிம்’, அதாவது கற்பிப்பவர். மலிந்தியில் கிடைத்த அந்தக் குஜராத்தியின் பெயரைப் பாரோஸ் ‘மாலேமோ கானா’ என்று எழுதுகிறார். ‘மாலேமோ’ என்பது பெயரன்று, அதே ‘முஅல்லிம்’தான்.