ஆரணியாற்று மலைப்பிரதேசம்: பூகர்ப்ப மரபும் நீர்வளமும்

ஆரணி என்பது திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையத்தை அடுத்து ஆரணியாற்றங்கரையில் அமைந்த ஒரு பேரூர். பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி வேறு. இவ்வூருக்கு மேற்கே ஊத்துக்கோட்டையும் பூண்டியும், வடமேற்கே ஆந்திர எல்லைக்கு அப்பால் சத்தியவேடும் நகரியும், கிழக்கே கும்மிடிப்பூண்டியும் பழவேற்காட்டு ஏரியும் எல்லைகளாக விரியும் நிலப்பரப்பை, ஆரணியாறு, கொசஸ்தலையாறு என்னும் இரு நதிகளின் வடிநிலமாக அறிஞர் கருதுவர். மலை என்றால் நீலகிரியையும் கொடைக்கானலையும் நினைக்கும் நமக்கு, அல்லிக்குழி மலை முதலிய இப்பக்கத்துக் குன்றுகள், 400 மீட்டரைக்கூட எட்டாத காரணத்தால், மலையாகவே தோன்றுவதில்லை. ஆயினும் பூகர்ப்ப சாஸ்திரத்தின் அளவுகோல் உயரமன்று. அவ்வளவுகோலால் பார்த்தால் இக்குன்றுகளுக்கு நிகரான இடங்கள் தென்னாட்டில் அதிகமில்லை.

இப்பிரதேசத்தின் படிவுப் பாறைகளுள் மூத்தது நகரி மலைத்தொடரின் குவார்ட்சைட் பாறையாகும். கடப்பை வரிசையைச் சேர்ந்த இது, 160 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணல், காலத்தாலும் அழுத்தத்தாலும் இறுகி உருவான கடினமான பாறை. முற்காலத்தில் சென்னைத் துறைமுகத்தை நாடிவந்த கப்பலோட்டிகளுக்குத் திசை காட்டிய ‘நகரி மூக்கு’ என்னும் சிகரம் இப்பாறையாலானது. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில், அதனினும் பழைய கருங்கல்லின்மேல் இக்குவார்ட்சைட் அமர்ந்திருக்கும் கோட்டைக் கண்ணாலேயே காணலாம். இரண்டுக்கும் இடையே குறைந்தது 50 கோடி ஆண்டுகளின் வரலாறு எழுதப்படாமலே போயிற்று என்பது பூகர்ப்ப அறிஞர் கூற்று. அந்தக் கோடும், திருமலையிலுள்ள சிலாதோரணம் என்னும் இயற்கைக் கல்வளைவும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. திருமலைக் குன்றுகள் 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலிலும் இடம்பெற்றன.

நகரி மலை தாய் என்றால் சத்தியவேட்டுக் குன்றுகளும் அல்லிக்குழிக் குன்றுகளும் அதன் சேய்கள் எனத் தகும். கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் பிளவுபட்டு இந்தியா தனித்து நகரத் தொடங்கிய கிரெட்டேசியஸ் யுகத்தின் முற்பகுதியில், கீழைக் கடற்கரை நெடுகத் தாழ்ந்த பள்ளங்களை நோக்கி நகரி மலையினின்று பாய்ந்த வெள்ளங்கள், உடைந்த குவார்ட்சைட் துண்டுகளை உருட்டி, மழுக்கி, சிறு கூழாங்கல் முதல் பெரும் பாறாங்கல் வரையிலான உருண்டைகளாக்கிக் கொண்டுவந்து குவித்தன. இரும்புச் சத்து கலந்த செம்மணல் அவற்றைப் பிணைத்து உருள்திரள் பாறையாக்கியது. அல்லிக்குழிக் குன்றுகளிலுள்ள கூடியம் குகைக்குச் சென்று அதன் சுவரருகே நின்று பார்ப்பவர், வெல்லப்பாகில் பிடித்த பொரியுருண்டை போல அப்பாறை அமைந்திருப்பதை உணர்வர்: செந்நிறப் பிசினில் வெளுத்த கற்கள் பாதி புதைந்து பாதி துருத்தி நிற்கும், எங்கேனும் ஒரு கல் உதிர்ந்துவிட்டால் அதன் வழவழப்பான அச்சு மட்டும் பள்ளமாக எஞ்சும், மேலே விதானத்தில் மலைத்தேனீக்களின் பெரிய கூடுகள் தொங்கும். இதே காலத்தைச் சார்ந்த திருப்பெரும்புதூர்ப் படிவுகளில் டைலோஃபில்லம் போன்ற, இன்று பூமியில் எங்கும் வளராத தாவரங்களின் இலைப்பதிவுகள் கிடைக்கின்றன.

இக்குன்றுகளைப் பூகர்ப்ப சாஸ்திரத்தின் எல்லைக்கு வெளியேயும் புகழ்பெறச் செய்தது மேற்கூறிய கூழாங்கல்லே. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை நிறுவியவர். அவ்வாண்டு செப்டம்பரில் சக அறிஞரான வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பக்கம் வந்து, அத்திரம்பாக்கத்து ஓடையில் கற்கருவிகள் திரளாகக் கிடப்பதைக் கண்டார். குவார்ட்சைட் கூழாங்கல்லை இருபுறமும் செதில் செதிலாகத் தட்டி, அடி அகன்றும் நுனி குறுகியும் உள்ளங்கைக்குள் அடங்கும்படி செய்யப்பட்ட கைக்கோடரியே அக்கருவிகளுள் தலையாயது. அதன் ஒரு பக்கத்தில் கூழாங்கல்லின் பழைய தோல் தட்டப்படாமலே எஞ்சியிருப்பதைப் பல கருவிகளில் பார்க்கலாம். எந்தக் குன்றிலிருந்து கல் வந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

ஃபூட்டுக்குப் பின் வி. டி. கிருஷ்ணசாமி, கே. டி. பானர்ஜி முதலியோர் இங்கே ஆராய்ந்தனர். 1999 முதல் சாந்தி பப்பு தலைமையில் சர்மா மரபுக் கல்வி மையத்தார் நடத்திய அகழாய்வு பழைய கருத்துக்கள் சிலவற்றைப் புரட்டிப் போட்டது. ஓடைக்கரையின் அடித்தளத்திலுள்ள களிமண்ணைக் கிரெட்டேசியஸ் காலத்துப் படிவு என்றும், அதில் காணும் கருவிகள் வெடிப்புகளின் வழியே பின்னர் விழுந்தவை என்றும் முன்னோர் எண்ணியிருக்க, அக்களிமண் ஆற்று வெள்ளம் அடுக்கடுக்காகப் படியவிட்ட வண்டலே என்றும், கருவிகள் அவ்வண்டலுக்குள்ளேயே அதன் காலத்திலேயே புதைந்தவை என்றும் தெளிவாயிற்று. வயதைக் கணித்த முறையும் இக்கல்லின் இயல்பைப் பயன்படுத்திக் கொண்டதேயாம். வெயிலில் கிடக்கும் குவார்ட்சில் அண்டக்கதிர்கள் தாக்கி பெரிலியம்–10, அலுமினியம்–26 என்னும் அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்தபின் புதிய அணுக்கள் உண்டாவது நின்று, உள்ளவை வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. எஞ்சிய விகிதத்தைக் கொண்டு புதைந்த காலத்தை அளக்கலாம். இவ்வாறு 2011-இல் வெளியான முடிவு, அத்திரம்பாக்கத்துக் கருவிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டும், சராசரியாக 15 லட்சம் ஆண்டும் பழமையானவை என்றது. மேலடுக்குகளில் கண்ட வேறு வகைக் கருவிகள் 3.85 லட்சம் ஆண்டுக்கு முன்பே தொடங்கியவை என்று 2018-இல் மற்றொரு முடிவு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து புதுக்கருவிகள் மிகப் பிற்பட்டே இந்தியாவுக்கு வந்தன என்ற கொள்கைக்கு அது பெரும் இடையூறாயிற்று.

நீர்வளத்தைப் பற்றிக் கூறப் புகுந்தால் மீண்டும் அதே கூழாங்கல்லிடம்தான் வரவேண்டியிருக்கிறது. ஆரணியாறு, கார்வேட்டிநகரத்து மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, பள்ளிகொண்டீசுவரர் கோயில் கொண்ட சுருட்டப்பள்ளியையும் ஊத்துக்கோட்டையையும் பெரியபாளையத்தையும் ஆரணியையும் கடந்து, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடிப் பழவேற்காட்டில் சேர்கிறது. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இதனை நதி என்பதா என்று அயலூரார் நகைக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு கரையும் தளும்ப வரும் நாளில் அந்நகைப்புக்கு இடமிராது. ஆனால் இவ்வாற்றின் உண்மையான செல்வம் மணலுக்கு மேலே ஓடுவதன்று, கீழே நிற்பது. குன்றுகள் உதிர்த்த சரளையும் மணலும் ஆரணி–கொசஸ்தலை ஆறுகளின் பழம்படுகைகளில் மீஞ்சூர்ப் பக்கம் சுமார் 50 மீட்டர் ஆழம் வரை நிறைந்துள்ளன. இடையிடையே களிமண் படலம் இருப்பதால், மேலே ஒன்று, கீழே ஒன்று என இருநிலை நீர்த்தாங்கிகள் அமைந்தன. பாலாறு முன்னொரு காலத்தில் இவ்வழியே ஓடியது என்பது அறிஞர் பலரின் அபிப்பிராயம். இவ்வளவு அகன்ற படுகையை இப்போதைய சிற்றாறுகள் மட்டுமே அமைத்திருக்க இயலாது என்பது அவர்கள் வாதம்.

சென்னை மாநகரம் இந்நீரைச் சார்ந்து வாழத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. 1868-இல் கட்டப்பட்ட தாமரைப்பாக்கம் அணைக்கட்டு கொசஸ்தலை நீரைச் சோழவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் திருப்பியது. சத்தியமூர்த்தி மேயராயிருந்தபோது முயன்று தொடங்கிவைத்த பூண்டி நீர்த்தேக்கம் அவர் மறைந்தபின் 1944-இல் முடிவுற்று அவர் பெயரைத் தாங்கிற்று. 1996-இல் ஆந்திரத்துக் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை எல்லைக்கு வந்தது. கண்ணன்கோட்டை, தேர்வாய்க்கண்டிகை ஏரிகளை இணைத்து அமைத்த அரை டி.எம்.சி. நீர்த்தேக்கம் 2020-இல் திறக்கப்பட்டது.

நிலத்தடி நீரின் கதை அவ்வளவு மகிழ்ச்சியானதன்று. 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாட்டு வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு நடந்த ஆய்வுக்குப்பின் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. நகரத்துக் குழாய்க்கும் கடற்கரைத் தொழிற்சாலைகளுக்கும் வயல்களின் மோட்டார்களுக்குமாக ஒரே தாங்கியை எல்லாரும் உறிஞ்சியதன் பலனாக, நன்னீரின் அழுத்தம் தாழ்ந்த இடத்தில் கடல் உட்புகுந்தது. உவர்நீர் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்நாட்டில் ஏறிய பின்னர், மீஞ்சூர்ப் பக்கத்து உழவர் நெல்லை விட்டார்கள். ஊருக்குக் குடிநீர் லாரியில் வந்தது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டது. நிலத்துக்குள் கடல் வந்த அதே மீஞ்சூருக்கு அருகில், காட்டுப்பள்ளிக் கரையில், கடல்நீரை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை 2010-இல் எழுந்தது. இதில் உள்ள விசித்திரத்தை விளக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டையும், அதாவது பாறையின் மரபையும் நீரின் வளத்தையும், ஒன்றாகக் காக்கும் ஏற்பாட்டுக்கே இன்று புவிப்பூங்கா என்று பெயர். யுனெஸ்கோ 2015-இல் அதனை முறையான திட்டமாக்கியது. தமிழர் பலர் வாழும் மலேசியாவின் லங்காவி அதற்கு முன்பே, 2007-இல், அத்தகுதியைப் பெற்றுவிட்டது. 2025 வரை இந்திய இடம் எதுவும் அப்பட்டியலில் சேரவில்லை. ஆரணியாற்று மலைப்பிரதேசத்துக்கு அதற்கான தகுதி உண்டா எனின், உண்டு என்பதே இக்கட்டுரையாளனின் துணிபு. இடர்ப்பாடு தகுதியிலன்று, மலையின் ஒரு பாதி ஆந்திரத்திலும் மறுபாதி தமிழ்நாட்டிலும், பாறை ஓர் இலாகாவிடமும் காடு ஓர் இலாகாவிடமும் ஆற்றுமணல் மற்றோர் இலாகாவிடமும் இருப்பதில் உள்ளது. தொல்லியலார் வேலியிட்டுக் காப்பது அத்திரம்பாக்கத்தின் சில ஏக்கர்களையே. அவ்வேலிக்கு வெளியே கிராவலும் சவுடும் ஏற்றிய லாரிகள் கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டை நோக்கியும் நெடுஞ்சாலையை நோக்கியும் செல்கின்றன. கற்கருவிக்கும் நிலத்தடி நீருக்கும் இடமாயிருப்பது அந்தக் கிராவலே என்பதால், ஒரு லாரி இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகிறது; இதனை ஒரே உத்தரவால் தடுக்க வல்ல அதிகாரம் இவ்விலாகாக்களுள் எதனிடமும் தனியாக இல்லை.

நேரில் காண விழைவோர் முதலில் பூண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது நலம். கூடியம் குகைக்கு ஊரிலிருந்து காப்புக்காட்டின் வழியே சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். வனத்துறையின் அனுமதியும், கையில் தண்ணீரும், வழி தெரிந்த உள்ளூரார் ஒருவரும் அவசியம். தேனீக்களைக் கருதி அங்கே புகை மூட்டலாகாது, கல் எறியலாகாது. ஓடையில் கிடக்கும் கல்லை எவ்வளவு அழகாயிருப்பினும் எடுத்து வரலாகாது.