பேரில் இருந்த ஒரு சொல்

1978 அக்டோபர் 30, திங்கட்கிழமை. ஜான் சிம்ஸ் என்ற இசைக்காரர் கூப்பிட்டு, சான் பிரான்சிஸ்கோவில் ஆண்கள் பலர் சேர்ந்திசைப் பயிற்சிக்குக் கூடினார்கள். குழுவுக்கு வைத்த பேர் 'சான் பிரான்சிஸ்கோ கே ஆண்கள் சேர்ந்திசைக் குழு'. இன்னிக்கு இது சாதாரணப் பேர் மாதிரி தெரியும். ஆனா அது, தன்பால் ஈர்ப்பாளர்னு தெரிந்தாலே வேலை போகக்கூடிய காலம்.

பயிற்சி தொடங்கி எட்டாம் நாள், நவம்பர் 7 அன்று, கலிபோர்னியாவில் ஒரு வாக்கெடுப்பு. தன்பால் ஈர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கக்கூடாது என்பது முன்மொழிவு. 58 சதவீதம் பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டதால் அது தோற்றது. எதிர்ப்புக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர் நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க். தான் யார் என்பதை மறைக்காமலே தேர்தலில் ஜெயித்தவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: வீட்டில் சொல்லுங்க, கூட வேலை செய்றவங்ககிட்ட சொல்லுங்க. நேரில் தெரிந்த ஒருத்தருக்கு எதிராக ஓட்டுப் போட யாருக்கும் அவ்வளவு சுலபமாக மனசு வராது.

அதே நவம்பர் 27 அன்று மில்க்கும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் நகர மன்றக் கட்டடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று இரவு ஆயிரக்கணக்கானோர் மெழுகுவர்த்தியோடு அங்கே திரண்டார்கள். நாலே வாரப் பயிற்சி இருந்த குழு, அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் நின்று மெண்டல்சனின் தேவாலயப் பாடல் ஒன்றைப் பாடியது. பொதுவெளியில் அவங்க பாடிய முதல் பாட்டு அதுதான்.

அவங்க பாடினது கோஷம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை எந்தத் தேவாலயத்திலும் கேட்கக்கூடிய இசை. அதைப் பாடினவங்க யார் என்பதில்தான் விஷயம் இருக்கு. மில்க் ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகச் செய்யச் சொன்னதைக் குழு கூட்டமாகச் செய்தது. மேடை ஏறிய ஒவ்வொருவரும், வாய் திறக்கும் முன்பே, தான் யார்னு ஊருக்குச் சொல்லிவிட்டார்.

1981இல் குழு அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் பாடியது. அதன் பிறகு வேறு ஊர்களிலும் இப்படிக் குழுக்கள் பெருகின. அதே ஆண்டுகளில் எய்ட்ஸும் வந்தது. ஜான் சிம்ஸ் 1984இல் இறந்தார். காலப்போக்கில் 300க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் குழு இழந்தது. சேர்ந்திசையில் குரல் பிரிவு நாலு. இறந்தவர்களை அவங்க 'ஐந்தாம் பிரிவு' என்கிறார்கள். 1993இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் வெள்ளை உடையில் நம்மைப் பார்த்து நிற்பவர்கள், ஆரம்பக் குழுவில் உயிரோடு மிஞ்சியவர்கள், வெறும் ஏழு பேர். கறுப்பு உடையில் முதுகு காட்டி நிற்கும் மற்ற எல்லாரும் இறந்தவர்களின் இடத்தில் நிற்கிறார்கள்.

2017இல் குழு மிசிசிப்பி, அலபாமா, டென்னசி, இரு கரோலினாக்கள் என்று தெற்கே போனது. தங்களை ஏற்காத சட்டங்களும் தேவாலயங்களும் நிறைந்த பகுதி. கூடவே ஓக்லாந்திலிருந்து ஒரு காஸ்பெல் குழுவும் போனது. போன பலருக்கு அது பிறந்த ஊர்ப்பக்கம். கோபித்துக்கொண்ட அப்பா அம்மா இருக்கும் ஊர்.

பாட்டு கேட்டதும் எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனா 'அந்த மாதிரி ஆளை நான் பார்த்ததே இல்லை' என்ற பேச்சு, ஒரு தடவை அரங்கில் உட்கார்ந்து கேட்டவருக்கு இனிமேல் செல்லாது. 1978இல் பேரில் அந்தச் சொல்லை வைத்ததே அதுக்குத்தான்.