நிலவுக்குப் போகாத வரிகள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலையில் எங்கள் அணி கூடும். திரையில் பேக்லாக் விரியும். எது இந்த ஸ்பிரிண்டில், எது அடுத்ததில், எது இப்போதைக்கு வேண்டாம் என்று பேசி முடிவெடுப்போம். போன வருடம் அப்படியொரு கூட்டத்தில் ஒரு சின்னச் சரிபார்ப்பைக் கீழே தள்ளினோம். தவறான கோப்பை ஏற்றினால் பழைய பதிவுகள் அழியாமல் தடுக்கும் பத்து, பதினைந்து வரி நிரல் அது. "யாரு அப்படிப் பண்ணப்போறாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். மூன்று மாதம் கழித்து ஒருவர் அப்படியே பண்ணினார். பதிவுகளை மீட்டெடுக்க இரண்டு இரவுகள் ஆயின. திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த அந்த நேரத்தில்தான் அப்போலோ கணினியின் கதையைப் படிக்கத் தொடங்கினேன்.

தேவைகளை வரிசைப்படுத்துவது அஜைலோடு பிறந்த கலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 2001 பிப்ரவரியில் யூட்டாவின் பனிமலை விடுதியொன்றில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதற்கும் முன்பே, 1994இல், டாய் கிளெக் என்பவர் 'கட்டாயம், தேவை, முடிந்தால், இம்முறை இல்லை' என்று நான்கு கூடைகளாகப் பிரிக்கும் மாஸ்கோ முறையை வகுத்துவிட்டார். ஆனால் இந்தத் தலைவலி அதைவிடப் பழையது.

1961 ஆகஸ்டில் அப்போலோவின் வழிகாட்டும் கணினியை உருவாக்கும் பொறுப்பு எம்.ஐ.டி.யின் கருவியியல் ஆய்வகத்திடம் வந்தது. அதன் நிரந்தர நினைவகத்தில் 36,864 சொற்களுக்கு மட்டுமே இடம். சொல் ஒன்றுக்கு 15 பிட்டுகள், ஒரு சரிபார்ப்பு பிட். அழித்து எழுதக்கூடிய நினைவகம் வெறும் 2,048 சொற்கள். இன்று வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரியது. நிரலை அதில் 'ஏற்ற' முடியாது, நெய்யத்தான் வேண்டும். கம்பி காந்த வளையத்துக்குள்ளே போனால் 1, வெளியே போனால் 0. ரேதியான் ஆலையில் பெண்கள் வாரக்கணக்கில் அதை நெய்தார்கள். நெய்தபின் ஹாட்ஃபிக்ஸ் போடுகிற பேச்சுக்கே இடமில்லை.

1966இல் நிரல் நினைவகத்தைத் தாண்டி வழிந்தது, காலமும் தப்பியது. நாசா ஹியூஸ்டனிலிருந்து பில் டிண்டலை அனுப்பியது. அவர் நடத்திய வெட்டும் கூட்டம் 'கறுப்பு வெள்ளி' என்றே பெயர் பெற்றது. ஒவ்வொரு பகுதியாக எடுத்து, இது இல்லாமல் நிலவுக்குப் போய்த் திரும்ப முடியுமா என்று கேட்டுக் கழிக்க வேண்டியிருந்தது. அந்த மேசையில் வீணானது என்று ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கலே. நல்லதையும் வெட்டித்தான் தீரவேண்டும்.

இயந்திரத்துக்கு இது எளிது. ஹால் லேனிங் வடிவமைத்த செயலாட்சி நிரலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. 1969 ஜூலை 20 அன்று, தரையிறங்கும் நிமிடங்களில், ரேடார் ஒன்று கணினியின் நேரத்தைத் தின்றது. 1202 என்ற எச்சரிக்கை ஒளிர்ந்தது. கணினி தன்னைத்தானே மீளத் தொடங்கி, முக்கியமானதை மட்டும் தொடர்ந்தது. ஈகிள் இறங்கியது.

மனிதர்களிடம்தான் எண்கள் தடுமாறுகின்றன. ஆய்வகத்தில் மார்கரெட் ஹாமில்டனின் சிறுமகள் மாதிரிக் கருவியில் விளையாடியபோது, பறக்கும் நடுவே பி01 என்ற ஏவலுக்கு முந்தைய நிரலை அழுத்திவிட்டாள். எல்லாம் நிலைகுலைந்தது. அதைத் தடுக்கும் நிரலைச் சேர்க்க ஹாமில்டன் கேட்டார். விண்வெளி வீரர்கள் பயிற்சி பெற்றவர்கள், அப்படித் தவறு செய்ய மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். ஆவணத்தில் ஒரு குறிப்பை மட்டும் அவர் எழுதிவைத்தார். 1968 டிசம்பரில், நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில், அப்போலோ 8இல் ஜிம் லோவெல் அதே பி01ஐ அழுத்தினார். பிறகு நட்சத்திரங்களைப் பார்த்துக் கலத்தின் திசையை மறுபடி நிறுவ வேண்டியிருந்தது.

படித்து முடித்ததும் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. "யாரு பண்ணப்போறாங்க" என்று சொன்ன முதல் ஆள் நான் இல்லை.

மறுத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். இடம் குறைவு, எதையாவது விட்டாகவேண்டும். அவர்கள் பிழை, வெட்டியதில் இல்லை. வெட்டியது நடக்கவே நடக்காது என்று நம்பியதில். இப்போது எங்கள் பட்டியலில் 'இம்முறை இல்லை' கூடைக்குப் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்: 'இது நடந்தால் என்ன செய்வோம்?' அதை நிரப்ப முடியாவிட்டால், அந்தத் தேவை ஒரு கூடை மேலே ஏறும். போன வாரம் அப்படி இரண்டு ஏறின.