விப்ரியோ வல்னிஃபிகஸ் குருதிநச்சு அதிர்ச்சி

வெதுவெதுப்பான கடலோர உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் பாக்டீரியா இரத்தத்தில் பரவுவதால் ஏற்படும் உயிர்க்கொல்லி நிலை. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணப்படும் சிப்பிகளே இதன் முக்கிய வழி. கல்லீரல் நோயாளிகளுக்கு ஆபத்து மிக அதிகம்.

அறிகுறிகள்: காய்ச்சல், குளிர்நடுக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி, கால்களில் இரத்தம் கோத்த கொப்புளங்கள்.

சிகிச்சை: இரத்த மாதிரி எடுத்ததும், ஆய்வு முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளினையும் செஃப்டாசிடிமையும் சேர்த்துச் செலுத்த வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.லி. அளவில் முதல் 3 மணி நேரத்துக்குள் திரவம் ஏற்றப்படும். அழுத்தம் உயராவிடில் நார்அட்ரினலின் தரப்படும். அழுகிய திசுவை அறுவை மருத்துவர் தாமதமின்றி அகற்ற வேண்டும். சிகிச்சை பெற்றும் ஏறத்தாழப் பாதிப்பேர் இறக்கின்றனர்.

தடுப்பு: எலுமிச்சைச் சாறு இக்கிருமியைக் கொல்லாது, நன்கு வேகவைப்பதே பாதுகாப்பு.