எங்க வீட்டு அடுப்பும் ஆம்பூர் பிரியாணியும்

2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாகத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. மே 13 தொடங்கி மூன்று நாள். ஊருக்கே பெருமை என்றார்கள். ஆட்டுக்கறி பிரியாணி உண்டு, கோழி பிரியாணி உண்டு. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது. விழா நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுக்கறி பிரியாணியை இலவசமாகக் கொடுப்போம் என்று அறிவித்தவர்களும் உண்டு. ஆதிதிராவிடர் பழங்குடியினர் மாநில ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. விழாவோ, கனமழை எச்சரிக்கை என்று சொல்லி ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும் இதே பேச்சு எழுந்து, அதற்குப் பிறகுதான் மாட்டுக்கறிக்குக் கடை வந்தது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "அப்போ நாம சாப்பிடறது பிரியாணி இல்லையாம்மா?" என்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல் "போய் வெளையாடு" என்று விரட்டிவிட்டேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஆம்பூர் பிரியாணியின் வரலாற்றை யாரைக் கேட்டாலும் ஆற்காட்டு நவாபின் சமையல்காரர்களிடமிருந்துதான் தொடங்குவார்கள். சீரகச்சம்பா அரிசி, கத்திரிக்காய் தொக்கு, விறகடுப்பு, செம்புத் தேக்சா என்று போகும். அந்தச் சமையல்காரர்களோடு எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. கைத்தொழில் தெரிந்தவர்கள், நல்லா ஆக்கினார்கள். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் நவாபால் வாழ்ந்த ஊர்கள் இல்லை, தோலால் வாழ்ந்த ஊர்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை மிதித்தவன் வீட்டுக்குப் போய் என்ன தின்றான், அவன் பிள்ளைக்கு அவன் பெண்டாட்டி என்ன ஊட்டினாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எங்க சேரியில் அதை எழுதத் தெரிந்த முதல் தலைமுறையே நாங்கள்தான்.

எங்க ஆயா கிட்டேயிருந்து தொடங்குகிறேன்.

ஆயாவுக்குக் கேழ்வரகுதான் சோறு. காலையில் கூழ், ராத்திரி களி. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் அன்றைக்குக் கொஞ்சம் குழம்பு, மீதி உப்புக்கண்டம். கறியை நீள நீளமாக வார்போல அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, கயிற்றில் கோத்து வெயிலில் கட்டுவாள். காக்கா ஓட்டுவது பிள்ளைகள் வேலை. கையில் ஒரு குச்சியைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவாள். நாள் முழுக்க உட்கார்ந்தால் சாயங்காலம் ஒரு துண்டு தணலில் சுட்டு, அம்மிக்கல்லில் நசுக்கிக் கையில் கொடுப்பாள். அதுதான் கூலி. காய்ந்ததைப் பானையில் போட்டுக் கட்டி வைத்தால் மழைக்காலம் வரைக்கும் வரும். வேலையில்லாத வாரங்களில் கத்திரிக்காயோடோ காராமணியோடோ நாலு துண்டு கிள்ளிப் போட்டால் குழம்புக்கு வாசனை வந்துவிடும். கைப்பிள்ளைக்குக் கறியைக் கொடுக்க மாட்டாள். எலும்பை நசுக்கி மிளகு தட்டிப் போட்ட சாறு, அப்புறம் கேழ்வரகை முளைகட்டி அரைத்துத் துணியில் வடிகட்டின பால்கூழ். இன்றைக்குக் கடையில் டப்பாவில் அடைத்து 'சத்துமாவு' என்று விற்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

எங்க தாத்தா ரிபப்ளிகன் கட்சிக்காரர். வட ஆற்காடு சேரிகளில் அம்பேத்கர் பேர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்ததற்கு அந்தக் கட்சி ஒரு பெரிய காரணம். 1927இல் மகாத்தில் அம்பேத்கர், செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள், அடுத்தவன் போடுகிற எச்சில் மிச்சத்தை விடுங்கள் என்று பேசியதை மீட்டிங்கில் கேட்டுவந்து வீட்டில் சொன்னாராம். இனிமேல் ஊரில் மாடு செத்தால் நம்ம வீட்டு ஆள் ஒருத்தரும் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினாராம். ஆயா சொன்ன பதிலை அவள் வாயாலேயே பல தடவை கேட்டிருக்கிறேன்: "மானம்னு சொன்னே, செரி. நானும் போவ மாட்டேன். இந்த மூணு புள்ளைங்களுக்கும் ராத்திரிக்கு இன்னாத்த போடறதுன்னு அந்த மீட்டிங்குல சொன்னாங்களா?"

தாத்தாவிடம் பதில் இல்லை. ஆனால் ஆயா போகவும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வேளைக் கூழைக் குறைத்துக்கொண்டாள், தன்னுடையதை. சாகுபடிக் கூலிக்குப் போய் காசு சேர்த்து, கசாப்புக் கடையில் நல்ல கறியாகக் காசு கொடுத்து வாங்கினாள். மாட்டுக்கறியை விடச் சொல்லித் தாத்தாவும் கேட்கவில்லை. 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள் யார்?' நூலில் அம்பேத்கரே, மாட்டுக்கறி தின்றதற்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவைத் தோண்டி எடுத்து, தின்றவன் மேல் குற்றமில்லை, ஒதுக்கியவன் கதைதான் ஆராயப்பட வேண்டியது என்கிற இடத்துக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். தாத்தா அதைப் படித்ததில்லை. கடைக்கறியும் செத்த மாடும் ஒன்றில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. நம்முடைய இயக்க வரலாறுகளில் தாத்தாக்கள் எடுத்த சத்தியம் இருக்கிறது. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற எந்த ஆயா எத்தனை வேளை பட்டினி கிடந்தாள் என்பது இல்லை. இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

நைனா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. கை முழுக்க வெடிப்பு. உப்பும் மிளகாயும் பட்டால் எரியும் என்று ஸ்பூனில்தான் சாப்பிடுவார். அந்தக் காலத்தில் எங்க தெருவிலேயே ஸ்பூனில் சாப்பிட்ட ஆள் அவர் ஒருத்தர்தான் என்று நாங்கள் பெருமையாக நினைத்திருக்கிறோம், துரை மாதிரி என்று. பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து ஊட்ட அவர் கையில் தோல் இல்லை என்பது புரிய எனக்கு ரொம்ப நாளாயிற்று.

ஷாப்பு விட்ட தண்ணீர் கிணற்றுக்கும் வந்தது. இதைப் பாலாற்று மாசு என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுசாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்ற கணக்கு இருக்கிறது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. நிலத்துக்குக் கணக்கு இருக்கிறது. பருப்புக்குக் கணக்கு இல்லை. எங்க கிணத்துத் தண்ணியில் துவரம்பருப்பு வேகாது. ரெண்டு மணி நேரம் விறகு எரித்தாலும் கல்லு மாதிரி கிடக்கும். சோறு மஞ்சளாக வடியும். அதனால் சாம்பார் என்பது எங்களுக்கு விருந்துச் சாப்பாடு. குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து நல்ல தண்ணி வாங்கின அன்றைக்குத்தான் பருப்பு. கறியாவது அந்த உப்புத் தண்ணியில் எப்படியோ வெந்தது. இவர்கள் பருப்புச் சாப்பிடுவதில்லை, எப்பவும் கறிதான் என்று ஊர்ப்பக்கம் சொன்ன காலத்தில் எங்க வீட்டுக் கதை இதுதான்.

1970களின் தொடக்கத்தில் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு போட்டது. தோலை இங்கேயே முழுப் பொருளாக்கி விற்க வேண்டும் என்பது திட்டம். அதன் தொடர்ச்சியாக ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் ஷூ கம்பெனிகள் பெருகின. தோல் ஷாப்பு ஆம்பளை வேலை. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தது பெண்கள். எங்க அம்மாவும் போனாள். விடிகாலை கம்பெனி பஸ் வரும். அதற்குள் சோறு வடித்து, குழம்பு வைத்து, எங்களுக்குத் தனியாக மூடி வைத்து, தலையை வாரிக்கொண்டே ஓடுவாள். சம்பளம் வந்தது, ரேஷன் அரிசி வந்தது, களி கிண்ட நேரம் இல்லாமல் போனது. கேழ்வரகு எங்க வீட்டை விட்டுப் போனது நாகரிகம் வந்ததால் இல்லை. களி கிண்டுவதற்கு ஒருத்தி அடுப்புப் பக்கமே நிற்க வேண்டும், நிற்க ஆள் இல்லை. ஆயா செத்த பிறகு ஒன்பது வயதில் நான்தான் தம்பிக்குச் சோறு போட்டேன். காலையில் வைத்த குழம்பைச் சுடவைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவு. நான் ஒண்ணாவது சேர்ந்தது 1989இல், இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கலைஞர் கொண்டுவந்த வருசம். முட்டை போடுகிற நாளில் வகுப்பில் ஒரு பிள்ளை லீவு போடாது. இப்போது காலை உணவும் வந்துவிட்டது. 2022 செப்டம்பர் 15இல் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும். கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும், குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்தப் பட்டியலில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பார்க்கும்போது, இந்த மண்ணில் காலையில் குடித்த கூழைப் பற்றி யாரையாவது கேட்டார்களா என்று தோன்றத்தான் செய்கிறது. ஆக்குகிற கை எந்தச் சாதி என்ற கேள்வியும் தீரவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியப் பெண் சமைத்த சத்துணவை எங்க பிள்ளைகள் தின்னாது என்று சாதி இந்துக்கள் திரண்டதை நாம் பார்த்தோம்.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன், பிள்ளைகளைத் தனியார் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தேன். சேர்த்த வருசமே ஒரு சீட்டு வந்தது: டிபன் பாக்ஸில் அசைவம் வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் கறி ஆக்குகிறவர்கள். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்க அம்மா செய்ததையே நானும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கறி ஆக்கினால் திங்கட்கிழமை பாக்ஸைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். "என்ன சாப்பிட்டேன்னு யாராவது கேட்டா சாம்பார்னு சொல்லு" என்று சொல்லிக் கொடுத்தேன். வேகாத பருப்பின் பேரால் என் மகள் பொய் சொல்லப் பழகினாள்.

மராத்தியில் ஷாகு பாடோளே என்பவர் மராத்வாடா தலித்துகளின் சமையலைப் பற்றி 2015இல் ஒரு புத்தகம் எழுதினார். 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. ரத்தம், குடல், கொழுப்பு, உப்புக்கண்டம் எல்லாவற்றுக்கும் செய்முறையோடு எழுதியிருக்கிறார். அதைப் பற்றித் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி அம்மாவை உட்கார வைத்து, ஆயா உப்புக்கண்டம் போட்டது எப்படி என்று கேட்டேன். அம்மாவுக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. உப்பு எத்தனை பிடி, எத்தனை நாள் வெயில் என்பதெல்லாம் போய்விட்டது. "உனுக்குத்தான் தெரியணும், நீதானே காக்கா ஓட்டினே" என்றாள். போன கோடையில் நாங்கள் மூன்று பேரும் மாடியில் கட்டினோம். முதல் தடவை உப்பு பத்தவில்லை, பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டாவது தடவை வந்தது. என் மகனுக்குக் குச்சி கொடுத்து உட்கார வைத்தேன். அரை மணி நேரத்தில் போன் கேட்டு ஓடிவிட்டான். மகள் உட்கார்ந்தாள்.

சில வாரங்களுக்கு முன்னால் அவளுக்கு 'எனக்குப் பிடித்த உணவு' என்று தமிழில் பத்து வரி எழுதிவரச் சொன்னார்கள். போன வருசம் இதே தலைப்புக்குச் சாம்பார் சாதம் என்று எழுதியவள். நான் அடுப்பில் இருந்தேன், என்ன எழுதுகிறாள் என்று பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளேயிருந்து கூப்பிட்டாள்:

"அம்மா, மாட்டுக்கறிக்கு நடுவுல 'க்' வருமா?"

"வரும்" என்றேன்.