குனிந்து பார்த்த கருவியும் நிமிர்ந்து பார்த்த கருவியும்

ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று இருந்தது. கைக்கடக்கமான 35 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவா, பெரிய நெகடிவ் தரும் மீடியம் ஃபார்மட் கேமராவா என்பதே அது. கருவியைப் பற்றிய பேச்சாகத் தோன்றினாலும், உலகை எவ்வாறு பார்ப்பது என்பதே அதன் உட்பொருள்.

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக், சினிமாவுக்கான படச்சுருளை நிழற்படத்துக்குப் பயன்படுத்தி உருவாக்கிய லைக்கா, 1925-இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமாயிற்று. 1932-இல் வந்த இரண்டாம் லைக்காவில், லென்சோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் அமைந்தது. அதனுள் தெரியும் இரு பிம்பங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் ஃபோகஸ் சரி என்று பொருள். இதற்கிடையே 1929-இல் ஃபிராங்கே - ஹைடெக்கே நிறுவனம் ரோலைஃபிளெக்ஸைக் கொண்டுவந்தது. இதற்கு இரண்டு லென்சுகள். மேலது பார்ப்பதற்கு, கீழது படமெடுப்பதற்கு.

லைக்காவின் நெகடிவ் 24×36 மி.மீ.; ரோலைஃபிளெக்ஸின் சதுர நெகடிவோ ஏறத்தாழ 56×56 மி.மீ. பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். எனவே படத்தைப் பெரிதாக்கும்போது சிறிய நெகடிவில் புள்ளிகள் முன்னரே துருத்தித் தெரியும். பெரியதில் ஆடையின் இழையும் தெளிவாக நிற்கும். ஆனால் 120 சுருளில் 12 படங்கள்தாம், லைக்காவில் 36.

உடல் நிலையிலும் வேறுபாடு உண்டு. ரோலைஃபிளெக்ஸைக் கையாள்பவர் மார்பளவில் அதைப் பிடித்துத் தலைகுனிந்து நிற்கிறார். கண்ணாடியில் தெரியும் பிம்பம் இடவலம் மாறியது. ஓடுபவரைப் பின்தொடர்வது கடினம். ஆயினும் எதிரில் இருப்பவர் தம்மை உற்றுநோக்கும் கண்ணைக் காண்பதில்லை. ரேஞ்ச்ஃபைண்டரோ கண்ணோடு ஒட்டியது. 1954-இல் வந்த எம்3 லைக்காவில் ஒளிக்கோடுகளே சட்டகத்தைக் காட்டின. அதற்கு வெளியே நிகழ்வதும் தெரிந்தது.

இவ்வழக்கின் முழுப் பொருளும் 1948-ஆம் ஆண்டு தில்லியில் புலப்படுகிறது. ஜனவரி 30 அன்று பிற்பகலில் ஆன்றி கார்த்தியே-பிரெஸோன் லைக்காவுடன் காந்தியைச் சந்தித்தார். சிறிது நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அன்றிரவு பிர்லா மாளிகை வாயிலில் நேரு மரணச் செய்தியை அறிவித்ததைப் பிரெஸோன் ஃப்ளாஷ் இன்றி, விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்தார். படம் மங்கலானது, கூர்மையற்றது. நெகடிவின் தரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அது தோற்ற படம். ஆனால் அந்த மங்கலில்தான் அவ்விரவின் திகைப்பு தங்கியிருக்கிறது.

அதே தில்லியில், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா (1913–2012), ஸ்பீட் கிராஃபிக், ரோலைஃபிளெக்ஸ் முதலிய பெரிய நெகடிவ் கருவிகளோடு உழைத்துவந்தார். விழாக்களும் தலைவர்களின் வருகைகளும் அவருடைய களம். எடுக்கக்கூடிய படங்கள் சிலவே என்பதால், ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்துவதும் முன்கூட்டிச் செய்த தீர்மானம். விவரம் குன்றாத அப்படங்களே அப்புதிய குடியரசின் தொடக்க ஆண்டுகளை நமக்கு இன்றும் காட்டுகின்றன. ஜனவரி 30 பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்ட அவர், கணவர் அழைத்ததால் திரும்பிவிட்டார். அவ்வருத்தம் அவரை நெடுங்காலம் விட்டகலவில்லை.

இன்று பழைய கேமராக்களைத் தேடி வாங்குவோர் லென்சையும் நெகடிவின் அளவையும் ஒப்பிடுகின்றனர். ஒப்பிடட்டும். காத்திருந்து காண வேண்டியதற்குப் பெரிய நெகடிவ், கணத்தில் நழுவுவதற்குச் சிறியது எனப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கருவிக்கும் முற்பட்டது, உரிய பொழுதில் உரிய இடத்தில் இருத்தல். அதற்கு ஈடான லென்சை வெட்ஸ்லரிலும் எவரும் கடைந்ததில்லை.